லாங் பஜார் கடலையும் கேழ்வரகும் போதும், பாதாம் பால் வேண்டாம்

கேள்வி: வேலூர் லாங் பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கிறோம், மாமனார் காலத்துக் கடை. மூத்த மகள் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி ஆபீசில் வேலை பார்க்கிறாள். காலையில் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் சாப்பிடாமலே ஓடுகிறாள். பால் குடித்தால் வயிறு உப்பிக்கொள்கிறது என்று ஒரு வருடமாகப் பாலையே தொடுவதில்லை. சாயங்காலம் திரும்பும்போது ஒரு கடையில் 'பிளான்ட் பேஸ்டு சாக்லேட் ஸ்மூத்தி' என்று வாங்கிக் குடிக்கிறாள். ஒரு டம்ளருக்குக் கொடுக்கிற காசில் எங்கள் வீட்டுக்கு இரண்டு நாள் காய்கறி வாங்கிவிடலாம். இதை வீட்டிலேயே உடம்புக்கு நல்லதாகச் செய்ய முடியுமா? பாதாம் பால், ஓட்ஸ் பால் பாக்கெட்டெல்லாம் வாங்கித்தான் ஆக வேண்டுமா? கோகோ பவுடரில் எதை வாங்குவது? மாமியாருக்குச் சர்க்கரை இருக்கிறது. அவருக்கும் குடித்துப் பார்க்க ஆசை, ஆனால் கோகோ சூடு என்று அவரே பயப்படுகிறார். எங்களிடம் பிளெண்டர் இல்லை, மிக்ஸிதான் இருக்கிறது.
– ஒரு வாசகி, லாங் பஜார், வேலூர்

பதில்: தாராளமாகச் செய்யலாம். கோகோ தூள் ஒன்றைத் தவிர இதற்கு வேண்டிய அத்தனையும் உங்கள் கடை மூட்டைகளிலேயே இருக்கிறது. வேர்க்கடலை, கேழ்வரகு, கறுப்பு எள், பேரீச்சம்பழம், இவ்வளவுதான். பாதாம் பால் பாக்கெட் வேண்டவே வேண்டாம். பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் படித்தால் பாதாம் எத்தனை சதவீதம் என்று போட்டிருப்பார்கள். பெரும்பாலும் மிகச் சிறிய எண்ணாகத்தான் இருக்கும், மீதி தண்ணீர். ஒரு டம்ளரில் சுமார் ஒரு கிராம் புரதம் தேறும். காலைச் சாப்பாட்டைத் தவறவிடுகிற பெண்ணுக்கு அது எந்த மூலைக்கு?

முதலில் மகளின் வயிற்றைப் பற்றி. பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரையை உடைக்கச் சிறுகுடலில் லாக்டேஸ் என்ற நொதி சுரக்க வேண்டும். குழந்தைப் பருவம் தாண்டியதும் அது படிப்படியாகக் குறைந்துபோவது தென்னிந்தியர்களில் மிகச் சாதாரணம். உடைபடாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்களிடம் சிக்கிப் புளித்துக் காற்றாகிறது. உப்புசமும் இரைச்சலும் அதனால்தான். இதை ஆராய்ந்ததும் உங்கள் ஊரில்தான். 1960களில் சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் செல்வின் பேக்கரும் டாக்டர் வி.ஐ. மாதனும் வட ஆற்காட்டுக் கிராமங்களில் பரவிய ஸ்ப்ரூ என்ற குடல் நோயைப் பற்றி ஆராய்ந்தார்கள். அந்த ஆய்வுகளின் தொடர்ச்சியாக, நோயில்லாத தென்னிந்தியர்களின் சிறுகுடல் திசுவிலும் இந்த நொதிகளை அவர்கள் குழு அளந்து பார்த்தது. ஆகவே மகள் சாக்குச் சொல்கிறாள் என்று வீட்டில் யாரும் நினைக்க வேண்டாம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பால் ஒத்துக்கொள்ளாதவர்களில் பலருக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளும். உறையும்போது லாக்டோஸில் ஒரு பகுதி குறைந்துவிடுகிறது. அவள் கொள்கையாகவே பாலை விட்டிருந்தால் அது அவள் விருப்பம். வயிற்றுக்காக மட்டும் விட்டிருந்தால் மோரைக் கைவிட வேண்டியதில்லை.

இப்போது கோகோ. காசையும் கவனத்தையும் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடையில் மூன்று விதமான டப்பாக்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். முதலாவது 'டிரிங்கிங் சாக்லேட்'. அதன் பொருள் பட்டியலில் பெரும்பாலும் சர்க்கரைதான் முதலில் நிற்கும், எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். இரண்டாவது, பிள்ளைகளுக்கான மால்ட் பானப் பொடிகள். 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம், இவற்றை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பின் கீழ் விற்கக் கூடாது என்று இணைய விற்பனை நிறுவனங்களுக்குச் சொன்னது நினைவிருக்கலாம். இந்த இரண்டையும் விடுங்கள். 'அன்ஸ்வீட்டண்டு கோகோ பவுடர்' என்று போட்ட மூன்றாவது டப்பாதான் நமக்கு.

அதற்குள்ளும் இரண்டு வகை உண்டு. கோகோ விதையை அரைத்துக் கொழுப்பைப் பிழிந்து எடுத்த பிறகு மிஞ்சும் பிண்ணாக்கின் தூள்தான் கோகோ பவுடர். அது இயல்பில் வெளிர் பழுப்பு நிறம். லேசான புளிப்பும் நல்ல துவர்ப்பும் இருக்கும். நெதர்லாந்தைச் சேர்ந்த வான் ஹவுட்டன் குடும்பம் 19ஆம் நூற்றாண்டில் இதைப் பொட்டாஷ், சோடா போன்ற காரப்பொருள் சேர்த்துப் பதப்படுத்தக் கண்டுபிடித்தது. அதனால் நிறம் கறுத்து, துவர்ப்பு அடங்கி, தண்ணீரில் எளிதாகக் கலந்துவிடும். பார்வைக்கு அழகாக இருப்பதால் கேக் கடைகளுக்கு இந்த வகைதான் பிடிக்கும். அடங்கிப்போன அந்தத் துவர்ப்பில்தான் கோகோவின் நன்மையே இருந்தது.

உங்கள் மகள் வேலை பார்க்கிற ஊரில் இதைச் சொன்னால் சட்டென்று விளங்கிக்கொள்வார்கள். குரோமியம் வருவதற்கு முன்னால் நம் பக்கத்துத் தோல் ஷாப்புகளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் தோலைப் பதனிட்டன. பட்டையில் இருக்கும் டானின், தோலின் புரதத்தைப் பிடித்து இறுக்கி அதை அழுகாத தோலாக்குகிறது. கோகோவில் இருக்கும் ஃபிளவனால்களும் அதே குடும்பத்துப் பொருட்கள். வாயில் போட்டதும் எச்சிலின் புரதத்தைப் பிடித்துக்கொள்கின்றன. நாக்கு வறண்டு இழுக்கிறதே, அதுதான். ரத்தக்குழாய்கள் நெகிழ்ந்து விரிவதற்கு உதவுவதாக ஆய்வுகள் சொல்வதும் இவற்றைத்தான். 2008இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், காரப்பொருள் சேர்க்காத கோகோவில் கிராமுக்குச் சராசரியாக 34.6 மில்லிகிராம் ஃபிளவனால் இருந்தது. நன்றாகக் கறுக்கும்வரை பதப்படுத்தியதில் 3.9தான். பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். விலை ஏறக்குறைய ஒன்று, உள்ளே இருப்பதில் இவ்வளவு வித்தியாசம்.

டப்பாவில் எப்படிக் கண்டுபிடிப்பது? பொருள் பட்டியலில் 'அசிடிட்டி ரெகுலேட்டர்' என்று போட்டு, பக்கத்தில் ஐ.என்.எஸ். 500, 501, 524, 525 ஆகிய எண்களில் ஏதாவது இருந்தால் அது காரப்பொருள் சேர்த்தது. 'டச் புராசஸ்டு', 'ஆல்கலைஸ்டு' என்றும் எழுதியிருப்பார்கள். எதுவும் இல்லாமல் 'கோகோ சாலிட்ஸ்' என்று மட்டும் இருந்தால் நம் சரக்கு. அடிக்கடி வாங்குவதானால் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் விளையும் கோகோவிலிருந்து செய்யப்பட்ட தூளைக் கேட்டுப் பாருங்கள். அங்கே தென்னந்தோப்புகளுக்குள் ஊடுபயிராகக் கோகோ வளர்க்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் விளைச்சல் சரிந்து 2024இல் உலகச் சந்தையில் கோகோ விலை எகிறியது, கடைக்காரரான உங்களுக்கு அது தெரிந்திருக்கும். விலை எப்படி இருந்தாலும் ஒரு டம்ளருக்கு ஐந்தாறு கிராம்தான் வேண்டும் என்பதால் கை கடிக்காது.

நன்மையை மிகைப்படுத்திச் சொல்லவும் எனக்கு மனமில்லை. அமெரிக்காவில் 21,000க்கும் மேற்பட்ட முதியவர்களிடம் நடத்தி 2022இல் முடிவுகளை வெளியிட்ட ஒரு பெரிய ஆய்வில், தினமும் 500 மில்லிகிராம் கோகோ ஃபிளவனாலை மாத்திரையாகக் கொடுத்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் முதலானவற்றின் மொத்த எண்ணிக்கை உறுதியாகக் குறைந்ததாகச் சொல்ல முடியவில்லை. இதயநோயால் வரும் இறப்பு மட்டும் குறைந்திருந்தது. அந்த 500 மில்லிகிராம் நம் ஒரு ஸ்பூன் கோகோவில் கிடைப்பதைவிட அதிகம். ஆகவே கோகோவை மருந்தாக எண்ணிக் குடிக்க வேண்டாம். சுவைக்காகக் குடிப்போம், கூடவே கொஞ்சம் நல்லது நடக்கும்.

அடுத்து, பாலுக்குப் பதில் என்ன என்ற கேள்வி. என் தேர்வு வேர்க்கடலை. வேலூர், திருவண்ணாமலை வட்டார மானாவாரி நிலங்களில் விளைந்து உங்கள் பஜாருக்கு வருகிற சரக்கு. நூறு கிராமில் 23, 24 கிராம் புரதம் இருக்கிறது. இதைப் பாலுக்கு ஈடாக்கலாம் என்ற எண்ணம் இன்றைய ஃபேஷனும் கிடையாது. பால் தட்டுப்பாடு நிலவிய காலத்தில், மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் வேர்க்கடலைப் புரதத்தைப் பிரித்தெடுத்து எருமைப் பாலோடு கலந்து 'மில்டோன்' என்ற பானத்தை உருவாக்கியது. நாம் எருமைப் பாலையும் விட்டுவிடப் போகிறோம், அவ்வளவுதான். முந்திரியில் இன்னும் வழவழப்பு வரும், ஆனால் விலை அதிகம், புரதம் குறைவு. தேங்காய்ப்பால் ருசியில் எல்லாவற்றையும் தோற்கடிக்கும். ஆனால் அதில் நிறைகொழுப்பு மிக அதிகம், புரதமோ மிகக் கொஞ்சம். விருந்தாளிகள் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடலையைப் பொறுக்குவதில் மட்டும் சோம்பல் கூடாது. சுருங்கியது, கறுத்தது, பச்சையோ மஞ்சளோ பூஞ்சை தட்டியது, காறல் அடிப்பது, இவை ஒன்றுகூட மிக்ஸிக்குள் போகக் கூடாது. ஈரத்தில் கிடந்த கடலையில் வளரும் பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும், அது கல்லீரலைத் தாக்குவது. 1960இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் தேடித்தான் இந்த நஞ்சைக் கண்டுபிடித்தார்கள். வறுத்தாலும் வேகவைத்தாலும் அது முழுதாகப் போகாது. மழைக்காலத்தில் கடை மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வைப்பது உங்கள் வாடிக்கையாளர்களுக்கும் நல்லது.

வேர்க்கடலையில் சுண்ணாம்புச்சத்து குறைவு. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் கேழ்வரகு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி நூறு கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் கால்சியம். அதோடு அதன் மண் வாசனையும் மால்ட் ருசியும் கோகோவோடு சேரும் பொருத்தம் வேறு எந்தத் தானியத்துக்கும் இல்லை என்பது என் தீர்மானமான கருத்து. ஓட்ஸைவிட இது ஒரு படி மேல். ஆடி மாதம் மாரியம்மனுக்கு ஊற்றுகிற கூழின் அதே மாவுதான், இதில் இன்னும் நீர்க்கக் காய்ச்சுகிறோம். முளைகட்டிய மாவாக இருந்தால் மேல். முளைக்கும்போது, கால்சியத்தையும் இரும்பையும் பிடித்துவைக்கும் ஃபைட்டேட் குறைகிறது, ருசியில் மெல்லிய இனிப்பும் ஏறுகிறது.

இனி செய்முறை. மகளுக்குக் காலையில் நேரம் இல்லை என்பதால் வேலையை இரண்டாகப் பிரித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பொடி தயார் செய்துகொள்ளுங்கள். 150 கிராம் வேர்க்கடலையை வெறும் வாணலியில் மிதமான தீயில் பொறுமையாக வறுத்து, ஆறியதும் தோலைத் தேய்த்து ஊதிவிடுங்கள். தீய விட்டால் கோகோவின் கசப்போடு அந்தக் கசப்பும் சேர்ந்து குடிக்க முடியாமல் போகும். 20 கிராம் கறுப்பு எள்ளைத் தனியாக, அது படபடவென்று வெடிக்கும்வரை வறுங்கள். இரண்டும் நன்றாக ஆறிய பிறகு 35 கிராம் கோகோ தூளும் இரண்டு சிட்டிகை உப்பும் சேர்த்து, மிக்ஸியின் சின்ன ஜாரில் விட்டு விட்டு ஓட்டுங்கள். ஒரே மூச்சில் ஓட்டினால் சூடேறி, கடலை எண்ணெய் விட்டுக் கட்டியாகும். அப்படிக் கட்டியானாலும் கெடுதி இல்லை, விழுதாக எடுத்து வையுங்கள். கோகோவைக் கடலையோடு சேர்த்தே அரைப்பதற்குக் காரணம் உண்டு. காரப்பொருள் சேர்க்காத கோகோ தண்ணீரில் லேசில் கலக்காது, மேலே மிதந்து உருண்டை கட்டும். கடலை எண்ணெய் அதைப் பிடித்துக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை. இது ஆறு டம்ளருக்கு வரும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். வேலூர் வெயிலில் வெளியே வைத்தால் நாலே நாளில் சிக்கு வாடை வந்துவிடும்.

முதல் நாள் இரவு, டம்ளருக்கு இரண்டு மேசைக்கரண்டி கேழ்வரகு மாவை, அதாவது சுமார் 20 கிராம், பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, 200 மில்லி தண்ணீரில் கிளறிக் காய்ச்சுங்கள். பச்சை வாசனை போய்ப் பளபளப்பு வர ஆறேழு நிமிடமாகும். மாவு வேகாமல் இருந்தால் வயிறு பொருமும், கவனம். ஆறியதும் பாதியை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, மீதியை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவிடுங்கள். இந்தக் கஞ்சிக் கட்டிகள்தான் ஸ்மூத்தியைக் கெட்டியாகவும் ஜில்லென்றும் ஆக்கப்போகின்றன. வெறும் ஐஸ் போட்டால் கரையக் கரையத் தண்ணீராகும், ருசி நீர்த்துவிடும். இரண்டு மூன்று கொட்டை நீக்கிய பேரீச்சம்பழத்தையும் கொஞ்சம் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டுப் படுத்துவிடுங்கள்.

காலையில் பேரீச்சையை அதன் ஊறல் தண்ணீரோடு முதலில் அரையுங்கள். அதோடு கஞ்சி, மூன்று குவித்த மேசைக்கரண்டி பொடி, அரை டம்ளர் தண்ணீர் சேர்த்து ஒரு நிமிடம் ஓட்டுங்கள். கஞ்சிக் கட்டிகளை வெளியே எடுத்து ஐந்து நிமிடம் வைத்துவிட்டுக் கடைசியில் போடுங்கள். கல் மாதிரி இருக்கும்போதே போட்டால் வீட்டு மிக்ஸியின் பிளேடு சிக்கிக்கொள்ளும். அரசு கொடுத்த விலையில்லா மிக்ஸியாக இருந்தாலும் இதற்குப் போதும். ஒரு ஏலக்காயோ, சிட்டிகை சுக்குத்தூளோ போட்டால் கோகோ இன்னும் மணக்கும். பட்டைத்தூளும் நன்றாக இருக்கும். வனிலா எசன்ஸ் உங்கள் இஷ்டம், எனக்கு ஏலக்காய்தான் பிடிக்கும்.

இப்படி ஒரு டம்ளரில் ஏறக்குறைய 300 கலோரி, ஒன்பது பத்து கிராம் புரதம், எட்டு கிராம் போல நார்ச்சத்து, 140 மில்லிகிராம் வரை கால்சியம் கிடைக்கும். ஒரு டம்ளர் பசும்பாலைவிடப் புரதம் அதிகம், கால்சியம் குறைவு. 300 கலோரி என்பது இரண்டு மூன்று இட்லியும் சட்னியும் மாதிரி. ஆகவே இது காலைச் சாப்பாட்டுக்குப் பதில். சாப்பாட்டுக்கு மேல் இதையும் குடித்தால் எடை போடும். சாயங்கால ஸ்மூத்தி கடையை மகள் நிறுத்தினால்தான் கணக்கு சரியாகும்.

எல்லா ஸ்மூத்தியிலும் வாழைப்பழம் போடுகிறார்களே, நீங்கள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. வாழைப்பழத்தை வெட்டி வைத்தால் கறுக்கிறது அல்லவா? அதைக் கறுக்க வைக்கும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி, கோகோவின் ஃபிளவனால்களையும் சிதைத்துவிடுகிறது. 2023இல் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகமும் கலிபோர்னியா பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த சோதனையில், ஃபிளவனாலை மாத்திரையாக மட்டும் எடுத்தபோது ரத்தத்தில் சேர்ந்த அளவோடு ஒப்பிட்டால், வாழைப்பழ ஸ்மூத்தி குடித்தபோது 84 சதவீதம் குறைவாகச் சேர்ந்தது. பெர்ரிப் பழங்களில் அந்தக் குறைவு இல்லை. நம் ஊரில் பெர்ரிக்கு எங்கே போவது? ஆரஞ்சு, அன்னாசி, மாம்பழம் ஆகியவற்றிலும் இந்த நொதி குறைவு என்று அதே ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். மாம்பழக் காலத்தில் அரைப் பழம், மற்ற நாளில் நாலைந்து ஆரஞ்சுச் சுளை சேருங்கள். கோகோவும் ஆரஞ்சும் சேர்ந்த ருசி ஒரு தடவை பிடித்துவிட்டால் விடாது. பழம் போடுகிற நாளில் பேரீச்சையில் ஒன்றைக் குறைத்துவிடுங்கள். வாழைப்பழம்தான் வேண்டும் என்று மகள் அடம்பிடித்தால் நேந்திரம்பழத்தை இட்லிப் பானையில் ஆவியில் வேகவைத்து ஆறவிட்டுச் சேருங்கள், சூட்டில் அந்த நொதி செயலிழந்துவிடும். மற்றபடி வாழைப்பழம் நல்ல உணவு, அதைத் தனியாகச் சாப்பிடலாம்.

இனிப்பில் ஒரு பொதுவான மயக்கத்தைச் சொல்லியாக வேண்டும். வெள்ளைச் சர்க்கரையை நிறுத்தி வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் தேனும் தாராளமாகப் போட்டுக்கொண்டு, ஆரோக்கியமாக மாறிவிட்டதாக நம்புகிறவர்கள் நிறையப் பேர். உடம்புக்குள் போனால் எல்லாம் சர்க்கரைதான். பேரீச்சையை நான் தேர்ந்தெடுத்தது அதன் நார்ச்சத்துக்காக. ரம்ஜான் சமயத்தில் உங்கள் பஜாரில் விதவிதமாக வந்து குவியுமே, அதில் பெரிய மெட்ஜூல் பழம் ஒன்று சாதாரணப் பழம் இரண்டு மூன்றுக்குச் சமம். எண்ணிக்கையைப் பார்த்துப் போட்டு ஏமாற வேண்டாம், அளவைப் பாருங்கள்.

இப்போது மாமியார். அவருக்குக் கேழ்வரகுக் கஞ்சி சேர்த்த ஸ்மூத்தி வேண்டாம். சர்க்கரை நோய்க்குக் கேழ்வரகு நல்லது என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. ஆனால் நைசாக அரைத்த மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, அதை மறுபடியும் மிக்ஸியில் அடித்தால் மாவுச்சத்து விறுவிறுவென்று சர்க்கரையாகி ரத்தத்தில் ஏறும். கேழ்வரகு அடையாகச் சாப்பிடட்டும், அதுவும் அளவாக. அவருக்கு அந்தப் பொடியில் இரண்டு மேசைக்கரண்டி எடுத்து, வெந்நீரில் அடித்து, ஒரே ஒரு பேரீச்சை மட்டும் சேர்த்துச் சின்ன டம்ளரில் கொடுங்கள். பேரீச்சையைப் பொடியோடு சேர்த்து அரைக்காமல் தனியாக வைக்கச் சொன்னது அவருக்காகத்தான். முதல் தடவை குடித்த இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரையைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், அந்த எண் சொல்வதைக் கேளுங்கள். சிறுநீரகத்தில் பாதிப்பு இருப்பதாக எப்போதாவது மருத்துவர் சொல்லியிருந்தால், பொட்டாசியமும் பாஸ்பரஸும் இதில் அதிகம் என்பதால் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். சிறுநீரகக் கல் வந்தவர்களும் கோகோ, கடலை, எள் மூன்றிலும் ஆக்சலேட் உண்டு என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

சூடு என்று அவர் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். நம் பெரியவர்கள் சூடு என்று சொல்வதற்குப் பின்னால் பெரும்பாலும் ஏதோ ஓர் அனுபவம் இருக்கும். உணவுக்குழாயின் அடியிலுள்ள தசையைக் கோகோ சற்றுத் தளர்த்துகிறது, அதனால் சிலருக்கு அமிலம் மேலேறி நெஞ்சு எரியும். கொஞ்சம் காஃபீனும் அதைவிட நிறையத் தியோபுரோமினும் உண்டு, தூக்கம் கெடலாம். காலையில் கொடுங்கள், வெறும் வயிற்றிலோ படுக்கும் முன்போ வேண்டாம். நெஞ்செரிச்சல் வந்தால் நிறுத்திவிடுங்கள்.

மகளிடம் வருகிறேன். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்று தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. தோலின் புரதத்தைப் பிடிக்கும் அந்த டானின் குணம், குடலில் இரும்புச்சத்தையும் பிடித்துக்கொள்ளும். கோகோவில் இரும்பு இருக்கிறது என்று டப்பாவில் போட்டிருப்பதை நம்பி இதை ரத்தம் ஊறும் பானமாக நினைத்துவிடக் கூடாது. ஆரஞ்சு சேர்க்கச் சொன்னதில் இன்னொரு காரணமும் அடங்கியிருக்கிறது, வைட்டமின் சி அந்தப் பிடியைத் தளர்த்தும். இரும்பு மாத்திரை சாப்பிடுகிறாள் என்றால் இதோடு சேர்த்து விழுங்காமல் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடட்டும். டீக்கும் காபிக்கும் இதே விதிதான்.

ஒரு நாளைக்கு அவளுக்குத் தேவையான கால்சியம் 1,000 மில்லிகிராம். இந்த டம்ளர் அதில் ஏழில் ஒரு பங்குதான். முருங்கைக்கீரையும், அசைவம் சாப்பிடுகிறவள் என்றால் முள்ளோடு மெல்லும் நெத்திலியும் மீதியை நிரப்ப உதவும். முட்டை, மீன், கறி எதையுமே தொடாமல் பாலையும் விட்டிருந்தால் வைட்டமின் பி12 செடிகளிலிருந்து கிடைக்காது, மருத்துவரிடம் காட்டிப் பரிசோதித்து மாத்திரை எடுக்க வேண்டும். இதில் ஸ்மூத்தி எதுவும் செய்ய முடியாது. வீட்டில் யாருக்காவது வேர்க்கடலை ஒவ்வாமை இருந்தால் கடலைக்குப் பதில் வறுத்த பூசணி விதை போடுங்கள், எள்ளும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

குடித்துவிட்டுக் கிளம்புவதுதான் உத்தமம். பஸ்ஸில் கொண்டுபோவதானால் இரவே ஃபிரிட்ஜில் குளிரவைத்த ஸ்டீல் பிளாஸ்கில், கஞ்சிக் கட்டிகளை அரைக்காமல் முழுதாகப் போட்டு ஊற்றிக் கொடுங்கள். ஆம்பூர் போய்ச் சேர்வதற்குள் அவை கரைந்திருக்கும், குலுக்கிக் குடிக்கலாம். மதியம்வரை வைத்திருக்க வேண்டாம், கடலையும் கஞ்சியும் சேர்ந்தது சீக்கிரம் புளித்துவிடும். பிளாஸ்கின் மூடியைக் கழற்றி அதன் ரப்பர் வளையத்தைத் தினமும் தனியாக எடுத்துக் கழுவச் சொல்லுங்கள்.